வெயிலைத் தாங்க இலைக்கு ஒரு துணை: பி.பி.எப்.எம். திரவம் பற்றிய மதிப்புரை

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் விற்கப்படும் பி.பி.எப்.எம். என்னும் நுண்ணுயிர்த் திரவத்தை, பல்லடம் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்து மக்காச்சோளத்துக்குத் தெளித்தோம். கிணற்றில் நீர்மட்டம் இறங்கி, ஒரு தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் இடைவெளி நீண்டுபோயிருந்த வேளையில், பயிர் பூவெடுக்கும் தறுவாயில் இருந்தது.

இத்திரவத்தில் இருப்பது இளஞ்சிவப்பு நிறமுள்ள மெத்திலோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா. இது இலைப்பரப்பில் இயல்பாகவே வாழக்கூடியது. இலை வளரும்போது செல்சுவரிலுள்ள பெக்டின் என்னும் பொருளிலிருந்து பிரிந்து, இலைத்துளைகள் வழியே வெளியேறும் மெத்தனால் என்னும் ஆல்கஹாலையே அது உணவாக்கிக்கொள்கிறது. பதிலுக்கு, இலை பச்சையம் இழந்து முதிர்வதைத் தள்ளிப்போடும் சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளைத் தருகிறது. வறட்சியில் தவிக்கும் பயிரில் எத்திலீன் என்னும் வாயு பெருகி இலை விரைவில் பழுக்கும். இந்தப் பாக்டீரியா இனத்தின் சில வகைகள் அந்த எத்திலீனின் மூலப்பொருளையே சிதைத்துவிடுகின்றன.

ஒரு பகுதியைத் தெளிக்காமல் விட்டிருந்ததால் வேறுபாட்டை ஒப்பிட முடிந்தது. தெளிக்காத பகுதியில் முற்பகலிலேயே இலைகள் சுருளத் தொடங்கிவிட்டன. தெளித்த பகுதியில் சுருளல் தாமதமானதோடு, வெயில் தாழ்ந்ததும் இலைகள் சீக்கிரம் விரிந்தன, கதிர்களிலும் நுனிவரை மணி பிடித்திருந்தது. ஆயினும், தெளித்த பக்கத்து மண் சற்று ஆழமானது என்பதால், இந்த நன்மை முழுவதையும் திரவத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈரம் அடியோடு வறண்ட மேட்டுப் பகுதியில் தெளித்தும் பயனில்லை. இது தண்ணீருக்கு மாற்று அன்று, அடுத்த தண்ணீர் கிடைக்கும்வரை பயிரைத் தாங்கிப் பிடிக்கும் துணை மட்டுமே.

கடலில் பவளங்களைக் காக்கவும் இதே வழியைத்தான் நாடுகிறார்கள். பிரேசில் நாட்டுப் பவள இனமொன்றுக்கு, அதிலிருந்தே பிரித்தெடுத்த நன்மை செய்யும் பாக்டீரியாக்களைத் தொட்டியில் கொடுத்தபோது, நீரின் வெப்பம் கூடிய நிலையில் உயிர் பிழைத்தவை 40 விழுக்காடு கூடியதாக 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அந்தந்த உயிரோடு பழகிய நுண்ணுயிரே அதற்கு உதவும் என்பதால், எந்தப் பயிருக்கும் எந்த நோய்க்கும் ஒரே புட்டி போதும் என்று விற்கப்படுபவற்றை நான் நம்புவதில்லை.

பல்கலைக்கழக விற்பனை மையத்தில், பூச்சிக்கொல்லியோடும் பூஞ்சாணக்கொல்லியோடும் கலக்கக் கூடாது, காலையிலோ மாலையிலோ தெளிக்க வேண்டும், நிழலில் வைக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்கள். இதற்கு முன் வேறொரு தனியார் கடையில் வாங்கிய நுண்ணுயிர்த் திரவம், வெயில் படும் அலமாரியில் காலாவதித் தேதி கடந்து இருந்தது. திறந்ததும் அழுகல் நாற்றம் அடித்தது. உயிருள்ள பொருளை அப்படி வைத்து விற்பது உழவரை ஏமாற்றும் செயல்.

புட்டியின் மேலுள்ள எழுத்துகள் மிகச் சிறியவை. தெளிக்கும் அளவையும் காலாவதித் தேதியையும் பெரிதாக அச்சிட வேண்டும். கிணற்றுப் பாசனத்தில் மக்காச்சோளமோ நிலக்கடலையோ வைத்திருப்பவர்கள், பூவெடுக்கும் பருவத்தில் தண்ணீர் தட்டுப்படும் என்று தெரிந்தால், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும்போதே வாங்கித் தெளிக்கலாம்.