20 மலேசிய வெள்ளிக்குள்ள ஒரு தெர்மாமீட்டர், சுங்கை சிப்புட் ஜனவரிக்கு தாங்குமா?

ஆன்லைன்ல வாங்கின டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஈரப்பதமும் காட்டும், காசுக்கு மோசமில்ல. நம்ம பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல ஜனவரி விடியகாலைல 23 டிகிரி காட்டுது, பொங்கப்பானை ஏத்துற நேரத்துல பாட்டி போர்வைய விடமாட்டேங்குறாங்க, ஆனா மத்தியானம் 33ஐ தொட்டுருது, அப்ப குளிர்னு பேசுன வாயெல்லாம் ஃபேனுக்குக் கீழ. வடகிழக்குப் பருவமழை கிழக்குக்கரை கிளந்தான், திரெங்கானு பக்கம் வெளுத்து வாங்குறப்ப நடுவுல தித்திவங்சா மலை நிக்கிறதால நமக்கு அவ்ளோ அடி இல்ல, சாயங்காலம் ஒரு மழை வந்துட்டுப் போகும், அவ்ளோதான்.

மாட்டுற இடம் முக்கியம் லா. தகரக் கூரைக்குக் கீழ, வெயில் படுற சுவத்துல மாட்டுனா நம்பர் எகிறும், அது காத்தோட சூடு இல்ல, பெட்டியோட சூடு. நிழல்ல, காத்தோட்டமா, நெஞ்சு உயரத்துல மாட்டுங்க.

ஈரப்பதம்தான் சொதப்பல், காலைல பனி மூடி எதிர்வீடே தெரியல, அப்ப 100 பக்கத்துல காட்டணும், இது 70%ன்னு அடம்பிடிக்குது. பேட்டரி மூடி வேற லூசு, ரப்பர்பேண்ட் போட்டு வச்சிருக்கேன். பிப்ரவரி பக்கம் பால்மரம் (ரப்பர் மரம்) இலை கொட்டுனா தோட்டத்துல நிழலே இருக்காது, அப்ப சூடு பாக்க இது போதும். வாங்குனா வெள்ளைக் கலர் எடுங்க.