அடுத்த தட்டம்மை முகாம் எந்த ஆண்டு? மூன்று கணக்குகள்

ஒரு மாவட்டத்தில் அடுத்த தட்டம்மைத் தடுப்பூசிச் சிறப்பு முகாமை எப்போது நடத்துவது என்பதற்கு மூன்று வழிகளில் விடை காணலாம்: பிறப்பையும் ஊசியையும் வைத்துப் போடும் கூட்டல் கணக்கு, நோயாளி எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கிப் போகும் மாதிரி, ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பு. நம் மாவட்டங்களுக்கு முதலாவதே ஏற்றது. ஆனால் அதில் ஒரே இடத்தில் சறுக்கினாலும் மூன்று ஆண்டு பிசகிவிடும்.

ஆண்டுக்கு 30,000 பிறப்பு, முதல் தவணை 80%, இரண்டாம் தவணை 60% என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மாதத்தில் போடும் ஊசி சுமார் 85% பேருக்குப் பலன் தரும். ஒன்றரை வயதில் போடுவது சுமார் 95%. இரண்டாம் தவணைக்கு வருவோர் அனைவரும் முதலாவதும் போட்டவர்களே என்றால், ஊசியே போடாதோர் 6,000. ஒரு தவணையோடு நின்ற 6,000 பேரில் பலன் கிடைக்காதோர் 900. இரண்டும் போட்டும் பலன் இல்லாதோர் 135. ஆக, ஆண்டுக்கு 7,035 பேர் எதிர்ப்பாற்றல் இன்றிச் சேர்கிறார்கள். இந்தச் சேர்மானம் ஓராண்டுப் பிறப்பின் அளவை எட்டுமுன் முகாம் நடத்த வேண்டும் என்பது நடைமுறை விதி. 30,000 எட்ட நாலேகால் ஆண்டு போதும்.

இப்போது ஒரே ஒரு அனுமானத்தை மாற்றுவோம்: முதல் தவணையைத் தவறவிட்டவர்களிலும் 60% பேர் இரண்டாவதற்கு வந்துவிடுகிறார்கள். ஆண்டுச் சேர்மானம் 4,128 ஆகச் சுருங்கும். முகாம் ஏழு ஆண்டுக்கு மேல் தள்ளிப்போகும். ஊசி விழுக்காடுகள் அதேதான்! செங்கல்சூளைக்கு இடம்பெயரும் குடும்பத்துக் குழந்தை இரண்டு தவணையையும் சேர்த்தே தவறவிடுகிறது. அதனால் முதல் அனுமானமே உண்மைக்கு நெருக்கம். பழைய மக்கள்தொகையால் வகுத்து 100 விழுக்காட்டைத் தாண்டும் தடுப்பூசி அறிக்கைகளையும் அப்படியே எடுக்கக் கூடாது.

இரண்டாவது வழியான நோயாளி எண்ணிக்கை மாதிரி, இரண்டு வாரத்தை ஒரு படியாகக் கொள்கிறது. எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களோடு பிறப்பைக் கூட்டி, அறிக்கை விகிதத்தால் (உண்மையான நோயாளிகளில் எத்தனை பங்கு பதிவாகிறது என்பதால்) திருத்திய நோயாளிகளைக் கழிக்கிறது. தடுப்பூசிக்கு முந்தைய இங்கிலாந்துத் தரவில் அழகாகப் பொருந்தியது. காரணம், பிறந்த குழந்தை ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நோய் வந்தது. இன்று காய்ச்சலும் தடிப்பும் உள்ளவர்களைத் தீவிரமாகத் தேடத் தொடங்கினாலே எண்ணிக்கை ஏறும். மாதிரி அதை நோய்ப்பரவல் என்று படிக்கும். அறிக்கையே வராத வாரத்தை ‘0’ என்று பதிந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

ரத்தப் பரிசோதனை செலவு மிகுந்தது. எதிர்ப்பு நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்று சொல்லாது; ஒன்பது மாதத்துக்குக் கீழே தாயின் எதிர்ப்புப்பொருளும் குழப்பும். ஆனால் முகாமின் வயது வரம்பை முடிவுசெய்ய இதைவிட நல்ல கருவி இல்லை. 2017இல் தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா முகாம் 15 வயது வரை போனது. அடுத்ததும் அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதை வயதுவாரியான ரத்த முடிவுதான் காட்டும்.

எந்தக் கணக்கைப் போட்டாலும் முகாமின் பதிவுத் தாளில் ‘இதற்கு முன் ஒரு ஊசியும் போடாதவர்’ என்று ஒரு தனிக் கட்டம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், முகாமில் ஊசி போட்டவர்களில் எத்தனை பேரை, ஊசியே போடாத அந்த 6,000இலிருந்து கழிப்பது என்றே தெரியாது.