திருவொற்றியூர் போர்வெல் தண்ணீரும் எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினும்

எங்கள் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். ஒன்று சென்னைக் குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ வாட்டர், இன்னொன்று போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷினில் எது நல்லது என்று கேட்பவர்களிடம், எந்தத் தண்ணீரை அதில் விடப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பல வருடம் ஓட்டிப் பார்த்ததில், கம்பெனிப் பெயரைவிட அதுதான் முக்கியம்.

எங்களுக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது பழைய கதை. எங்கள் போர் தண்ணீரையும் வாயில் வைக்க முடியாது, டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, 1500-ஐத் தாண்டும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. மெட்ரோ தண்ணீர் தடையில்லாமல் வந்து, டிடிஎஸ்ஸும் 500-க்குள் இருந்தால், ஆர்.ஓ. வேண்டாம், புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. போதும் என்பேன். ஆனால் 2019 கோடையில் ஏரிகள் வற்றிக் குழாயும் காய்ந்தபோது எங்களைக் காப்பாற்றியது இந்த மெஷின்தான்.

உள்ளே நடப்பது இதுதான். முதல் ஃபில்டர் மண்ணையும் துருவையும் பிடிக்கும். அடுத்து கார்பன், அது குளோரினை எடுக்கும். குளோரின் பட்டால், உப்பைத் தடுக்கும் சவ்வான மெம்ப்ரேன் கெட்டுவிடும், அதனால் கார்பனை மாற்றத் தள்ளிப்போடவே கூடாது. அப்புறம் பம்ப் அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை மெம்ப்ரேன் வழியாகத் தள்ளும். உப்பில் பெரும்பகுதி இந்தப் பக்கமே நின்று கழிவுக் குழாயில் போய்விடும். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு மெம்ப்ரேனில் படிந்துவிடுவதால், மெட்ரோ மட்டும் ஓடும் வீடுகளைவிட எங்களுக்குச் சீக்கிரமே மாற்ற வேண்டி வருகிறது. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மார்கழியில் டேங்க் நிரம்ப நேரமாகும். அது கோளாறு இல்லை, தண்ணீர் குளிர்ந்தால் மெம்ப்ரேன் மெதுவாகத்தான் விடும். ஊருக்குப் போய்த் திரும்பினால் முதலில் வரும் தண்ணீரைக் கொட்டிவிடுவோம். மெஷின் சும்மா நிற்கும்போது உப்பு மெம்ப்ரேன் வழியாக மெல்லக் கசிந்து நல்ல தண்ணீர் பக்கம் சேர்ந்திருக்கும். சமையலில்தான் பெரிய வித்தியாசம். "இப்பத்தான்டா பருப்பு குழையுது" என்று அம்மா சொன்னது உண்மை, கடினத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது.

விற்க வருகிறவர்கள் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிவிடும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அந்தப் பழுப்பு இரும்புக் கம்பி கரைந்து வருவது, தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. உப்பு குறைந்த தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அவ்வளவுதான். பயந்து வாங்காதீர்கள். டிடிஎஸ் மீட்டரும் கரைந்த உப்பின் அளவைத்தான் சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. இன்னொன்று, போர் தண்ணீர் விடுபவர்கள் மெஷினில் உள்ள டிடிஎஸ் கன்ட்ரோலர் திருகை முழுக்க மூடி வைப்பது நல்லது. அதைத் திறந்தால் மெம்ப்ரேனுக்குள் போகாத தண்ணீர்தான் கலக்கிறது.

எனக்குப் பெரிய மனக்குறை கழிவுத் தண்ணீர். ஒரு லிட்டர் குடிக்க இரண்டு, மூன்று லிட்டர் வெளியே போகிறது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊரில் இதைச் சாக்கடையில் விட மனம் வராது. டிரம்மில் பிடித்துக் கக்கூசுக்கும் வாசல் கழுவவும் வைத்திருக்கிறோம். செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள், போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம்.