தவளையின் குடல்: எப்போதும் தயாராக வைத்திருப்பது லாபமா, மூடிவைத்துத் திறப்பது லாபமா?

சாப்பிட்டதைச் செரிக்கவும் சக்தி வேண்டும். தவளை விழுங்கிய புழுவில் இருக்கும் கலோரி முழுவதும் அதன் உடம்பில் சேர்வதில்லை. ஒரு பங்கு அந்தப் புழுவைச் செரிக்கிற வேலைக்கே போய்விடுகிறது. தவளைகளில் இந்தப் பங்கு பெரும்பாலும் பத்தில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் நடுவில் இருக்கிறது. ஜெர்மானிய உடலியலாளர் மாக்ஸ் ரூப்னர் இந்தச் செலவுக்கு 1902-லேயே பெயர் வைத்துவிட்டார். தவளை இனங்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது வெகு காலம் கழித்துத்தான். அப்படிப் பார்த்தபோது தெரியவந்தது, ஒரே வேலையைச் செய்ய அவை இரண்டு வேறு வழிகளை வைத்திருக்கின்றன என்பது.

முதலில் செலவு எங்கே ஆகிறது என்று பார்ப்போம். தவளை மெல்லாது, இரையை முழுசாக விழுங்கும். விழுங்கும்போது அதன் கண்கள் இரண்டும் உள்ளே இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கண்கள் வாயின் மேற்பக்கத்திலிருந்து இரையைத் தொண்டைக்குத் தள்ள உதவுகின்றன. கண்ணை இழுக்கும் தசைக்குப் போகும் நரம்பைத் துண்டித்து, சிறுத்தைத் தவளைகளை வைத்து 2004-இல் ஒரு சோதனை நடந்தது. ஒரு சிறு பூச்சியை உள்ளே தள்ள முன்பு சராசரியாக 2.3 தடவை விழுங்கினால் போதுமாயிருந்தது; நரம்பைத் துண்டித்த பிறகு அது 4 தடவையாக ஏறியது. சரி, இதெல்லாம் சில்லறைச் செலவு. இரை முழுசாக வருவதால் வயிறு ஏராளமாக அமிலம் சுரக்க வேண்டும். அப்புறம் உறிஞ்சிய அமினோ அமிலங்களைக் கோர்த்து உடம்புக்கான புரதமாக மாற்ற வேண்டும். பெருஞ்செலவு இந்தப் புரத வேலையில்தான் என்பது பலருடைய கணிப்பு.

அளக்கும் முறை எளிமையானது. பட்டினி போட்ட தவளையை மூடிய பெட்டியில் வைத்து, உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். பிறகு இரை கொடுத்து, அளவு பழைய நிலைக்குத் திரும்பும் வரை நாள்கணக்கில் அதையே தொடர்வார்கள். அமெரிக்கக் காளைத்தவளையில் ஆக்சிஜன் செலவு மூன்று நான்கு மடங்கு ஏறும். பர்மிய மலைப்பாம்பு தன் எடைக்குச் சமமான இரையை விழுங்கினால் 40 மடங்குக்கும் மேல் போகும்.

இனி அந்த இரண்டு வழிகள். அமெரிக்கக் காளைத்தவளை, சிறுத்தைத் தவளை போன்றவை பருவம் முழுக்க அடிக்கடி தின்பவை. இவற்றின் குடல் பட்டினி நாட்களிலும் பெரிதாகச் சுருங்காது. ஆப்பிரிக்கக் காளைத்தவளையும் தென் அமெரிக்கக் கொம்புத் தவளையும் வறட்சியில் மண்ணுக்குள் புதைந்து, மாதக்கணக்கில் ஒன்றும் தின்னாமல் கோடை உறக்கத்தில் கிடப்பவை. இவை பட்டினியின்போது குடலையே சுருக்கிவிடும். இரை வந்ததும் மறுபடி பெரிதாக்கும். முதல் வகை நாளெல்லாம் கொதிக்கிற டீக்கடை பாய்லர் என்றால், இரண்டாம் வகை கல்யாணத்துக்கு மட்டும் மூட்டுகிற கோட்டை அடுப்பு.

அலபாமா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சீக்கர் 2005-இல் இந்த இரு கூட்டத்தையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்டார். கோடை உறக்கத் தவளைகளுக்குச் சும்மா இருக்கும்போது ஆகும் செலவு குறைவு. ஆனால் தின்ற பிறகு அவற்றின் குடல் எடையும் சத்தை உறிஞ்சும் திறனும் ஏறும் அளவு மற்றவற்றைவிட மிக அதிகம். குடல் உள்சுவரின் செல்கள் உப்பும், அவற்றின் மேலிருக்கும் நுண்ணிய உறிஞ்சிகள் நீளும். இவ்வளவையும் செய்துவிட்டுத்தான் அந்தக் குடல் முழு வேகத்தில் வேலை செய்கிறது.

எது மலிவு? அளந்த எண்களாக இல்லாமல், வெறும் கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். தயார்க் குடலுக்குச் சும்மா இருக்க ஒரு நாளைக்கு 2 பங்கு, ஒரு வேளைச் செரிமானத்துக்கு 10 பங்கு. சுருக்கி மூடிவைத்த குடலுக்கு நாளுக்கு 1 பங்கு, ஆனால் ஒவ்வொரு தடவையும் திறந்து செரிக்க 30 பங்கு. ஐந்து நாளுக்கு ஒரு தடவை இரை கிடைத்தால் முதலாவதுக்கு 20, இரண்டாவதுக்கு 35. இருபது நாள் இடைவெளியில் இரண்டுக்கும் 50. இருநூறு நாள் என்றால் 410-க்கு எதிராக 230. ஆக, இரைக்கும் இரைக்கும் நடுவே எவ்வளவு காலம் என்பதே தீர்மானிக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு இடம் இன்னும் சண்டையில் இருக்கிறது: மறுபடி திறக்க உண்மையிலேயே அவ்வளவு செலவாகுமா? டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் யொஹான்னஸ் ஓவர்கார்டும் தொபியாஸ் வாங்கும் உட்பட ஒரு குழு 2002-இல் மலைப்பாம்புகளை வெவ்வேறு கால அளவு பட்டினி போட்டு, பிறகு ஒரே மாதிரி இரை கொடுத்துப் பார்த்தது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திறப்புச் செலவு கூடியிருக்க வேண்டுமே? மொத்தச் செரிமானச் செலவு மாறவில்லை. குடல் விரிவதில் பெரும்பகுதி புதுச் செல் கட்டுவது கிடையாது, இருக்கிற திசுவுக்குள் ரத்தமும் திரவமும் ஏறுவதுதான், அதற்கு அதிகம் செலவாகாது என்று உயிரியலாளர் மத்தியாஸ் ஸ்டார்க் போன்றவர்களும் வாதிட்டிருக்கிறார்கள்.

அது பாம்பில் செய்த சோதனை, தவளைக்கு அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஆனாலும் எனக்கு இந்த வாதம் வலுவாகவே படுகிறது. திறப்பு அவ்வளவு மலிவு என்றால் எல்லாத் தவளையும் குடலை மூடிவைக்கலாமே, ஏன் செய்வதில்லை? இழப்பு கலோரியில் இல்லாமல் நேரத்தில் இருக்கலாம் என்பது என் எண்ணம். இரண்டு நாளுக்கு ஒரு தடவை இரை பிடிக்கிற தவளையின் குடலுக்கு மூட அவகாசமே கிடைக்காது. பாதி மூடிய குடலில் விழும் இரை மெதுவாகத்தான் செரிக்கும், அடுத்த இரைக்கு இடம் இருக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை ஆஸ்திரேலியாவின் பச்சை வரி வளைத்தவளை காட்டுவது முக்கியமானது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா கிராம்ப், கிரெய்க் ஃபிராங்க்ளின் இருவரும் இதை மாதக்கணக்கில் கோடை உறக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குடல் வெகுவாக மெலிந்துபோயிருந்தது. ஆனால் தவளை எழுந்து தின்ற பிறகு ஓரிரு நாளிலேயே குடலின் அமைப்பு பெருமளவு மீண்டுவிட்டது. சத்தைச் சேர்த்துக்கொள்ளும் திறனும் குறையவில்லை. சிலநாள் மழையை நம்பி எழும் உயிருக்கு இது பெரிய விஷயம். இந்த இனத் தவளைகள் எழுந்ததும், தங்களைச் சுற்றியிருந்த உரிந்த தோல் உறையையும் தின்றுவிடுகின்றன.

அப்படியானால் குளிர்காலத்தில் தின்னாமல் கிடக்கும் வட அமெரிக்கக் காளைத்தவளை ஏன் குடலை மூடும் கூட்டத்தில் சேரவில்லை? அதற்குக் குளிர் உதவுகிறது. தண்ணீர் சில்லிட்டால் உடம்பின் செலவு தானாகவே இறங்கிவிடும். ஆப்பிரிக்கச் சவானா புல்வெளி மண்ணுக்குள் கிடக்கும் தவளைக்கு அந்த வசதி இல்லை. சுற்றிலும் சூடு, சூடு செலவை ஏற்றும். அங்கே தவளை தன் உடம்பைத் தானே அடக்கியாக வேண்டும், அதில் குடலை மூடுவதும் ஒன்று.

இரையும் வெப்பமும் கணக்கை மாற்றும் என்றாலும் இரண்டு வகைக்கும் பொதுவாகத்தான் மாற்றும். மெல்லிய மண்புழுவைவிடக் கெட்டி ஓடுள்ள பூச்சியைச் செரிக்கச் செலவு கூடும். உடம்பு சூடாக இருந்தால் உச்சம் உயரும், வேலை சீக்கிரம் முடியும்.

கொம்புத் தவளையை வீட்டில் வளர்ப்பவர்களுக்கு இதில் நேரடிப் பயன் இருக்கிறது. அது எதை நீட்டினாலும் கவ்வும், அதனால் எப்போதும் பசியோடிருப்பதாகத் தோன்றும். ஆனால் அது சும்மா இருக்கும்போது மிகக் குறைவாகவே செலவழிக்கிற, நீண்ட இடைவெளிக்கு ஏற்ற உடம்பு. வளர்ந்த தவளைக்குத் தினமும் தீனி போட்டால் மிச்சமெல்லாம் கொழுப்பாகத்தான் சேரும். கூண்டில் வளரும் கொம்புத் தவளைகளுக்கு வரும் வழக்கமான கோளாறு இதுதான். அமெரிக்கக் காளைத்தவளைக்குப் போடுகிற கணக்கில் இதற்குத் தீனி போடக்கூடாது.