‘வளர வளர நிறம் மாறும்ணே’: ராஸ் மீன் வாங்கி ஏமாந்தவனின் எச்சரிக்கை

சென்ற ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் நான் முன்பு வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த வண்ணமீன் கடை ஒன்றின் வாசலைக் கடக்கும்போது, கண்ணாடி ஓரமாக வைத்திருந்த சிறிய தொட்டியில் இரண்டு அங்குல நீளமுள்ள ஆரஞ்சுச் சிவப்பு மீன் ஒன்று, முதுகில் கறுப்பு ஓரமிட்ட வெள்ளைத் திட்டுகளுடன் நீந்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தொட்டியின் மேல் ‘ரெட் ஃபேரி ராஸ், ஆண், 5,500’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எட்டு மாதங்களுக்கு முன் இதே பெயரில், இதே விலைக்கு, இதே போன்ற மீனை அந்தக் கடையில் வாங்கியவன் நான். அது ஃபேரி ராஸ் அன்று; ஆண் என்று சொல்லத்தக்க வயதும் அதற்கு இல்லை. அடுத்து அதை வாங்கப் போகிறவர் என் நிலைக்கு வரக் கூடாது என்பதற்காகவே நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரை ஏன் எழுதவில்லை என்பது படித்துக்கொண்டே வரும்போது விளங்கும்.

என் வீடு திருநகரில். தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், ஏறத்தாழ 450 லிட்டர். பல ஆண்டுகள் நன்னீர் மீன் வளர்த்த பிறகே கடல்நீருக்கு வந்தேன். ஆழ்துளைக் கிணற்று நீரை ஆர்.ஓ. கருவியில் வடித்து உப்புக் கலப்பது, சித்திரை வெயிலில் நீரின் வெப்பம் 27 டிகிரியைத் தாண்டாமல் சில்லர் வைத்துக் காப்பது, மின்சாரம் போனால் அலை பம்ப் நிற்காமலிருக்க இன்வெர்ட்டர் இணைப்பது என எல்லாவற்றையும் பொறுமையாகக் கற்றுக்கொண்டேன். நம் கடலின் கல்பவளங்களை எடுப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், செயற்கைப் பாறைகளும், சோவாந்திட், மஷ்ரூம் போன்ற, கல்லாக இறுகாத மென்பவள வகைகளும்தான் என் தொட்டியில் உள்ளன. அவற்றோடு இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கிளீனர் இறால், பதினைந்து நத்தைகள், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் சங்கு நண்டுகள் ஆறேழு. இந்தச் சிறு குடும்பத்துக்குத் தொந்தரவு தராத ஒரு வண்ண மீன் வேண்டும் என்று தேடியபோதுதான் ராஸ் என்ற சொல் காதில் விழுந்தது.

அந்தச் சொல்லில்தான் முதல் குழியே இருக்கிறது. ராஸ் என்பது ஒரு மீனின் பெயர் அன்று. 500க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய ஒரு குடும்பத்தின் பெயர். விரல் நீளத்தைத் தாண்டாத சிறு மீனும் அதில் உண்டு, ஏறத்தாழ 2 மீட்டர் வளரும் நெப்போலியன் ராஸும் அதில் உண்டு. கறிவேப்பிலையும் மரம், ஆலும் மரம் என்பது போல. ஃபேரி ராஸ் அந்தக் குடும்பத்தில் சாதுவான பிரிவு. நடுநீரில் நீந்தி, மிதந்து வரும் சிற்றுயிர்களைப் பொறுக்கித் தின்னும். நத்தை, இறால், பவளம் எதையும் பெரும்பாலும் தொடாது. பெரும்பாலான இனங்கள் நான்கைந்து அங்குலத்தில் நின்றுவிடும். நான் கேட்டது இதைத்தான்.

கடைக்காரத் தம்பி கைப்பேசியில் ஒரு படத்தை அனுப்பினார். துடுப்பை விரித்து நிற்கும், முழு வளர்ச்சி அடைந்த ஆண் ஃபேரி ராஸின் படம். முன்பணமாக 5,000 ரூபாய் கொடுத்தேன். அதோடு விடாமல், "அண்ணே, லெப்பர்டு ராஸ் ஒண்ணும் இருக்கு, பத்து நாளா நம்ம தொட்டியிலதான் கெடக்கு, இறால் கொடுத்தா பாஞ்சு வந்து திங்குது, அதையும் எடுத்துக்கங்க" என்று சொல்லி, மீன் ஒன்று உணவைக் கவ்வும் காணொளியையும் அனுப்பினார். அதற்கு விலை 4,800 ரூபாய். பத்து நாள் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த மீன் என்ற அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் சம்மதித்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனபோது, கல்லாவுக்குப் பின்னால் ஒரு தெர்மாகோல் பெட்டி பிரித்தும் பிரிக்காமலும் கிடந்தது. அதன் மேல், சென்னையிலிருந்து ஆம்னி பேருந்தில் ஏற்றிய பார்சலின் சீட்டு ஒட்டியிருந்தது. முந்தைய இரவின் தேதி. என் இரண்டு மீன்களும் அந்தப் பெட்டிக்குள் இருந்த பைகளிலிருந்துதான் வெளியே வந்தன. மாட்டுத்தாவணியில் விடியற்காலையில் இறங்கிய மீன், பத்து நாளாக இவர் தொட்டியில் எப்படி நீந்தியது என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பையைத் தூக்கிப் பார்த்த மகிழ்ச்சியில் கண் பார்த்ததை வாய் கேட்கவில்லை. இதில் என் பங்குத் தவறு உண்டு.

சிவப்பு மீனைப் பார்த்ததும் படத்துக்கும் இதற்கும் ஒற்றுமையே இல்லையே என்று மட்டும் கேட்டேன். "குட்டியில இப்படித்தாண்ணே இருக்கும், வளர வளர நிறம் மாறும்" என்றார். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். அது பொய் அன்று. ராஸ் குடும்பத்தின் பல இனங்களில் குட்டிக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம், ஆணுக்கு ஒரு நிறம். பெண்ணாக வளர்ந்த மீன் பின்னாளில் ஆணாக மாறுவதும் இக்குடும்பத்தில் இயல்பு. இவ்வளவு உண்மை இருப்பதால்தான் எந்தக் குட்டியையும் எந்தப் பெயரிலும் விற்க முடிகிறது. வாங்குகிறவர் சந்தேகப்பட்டால் உண்மையையே எடுத்து அவர் வாயை அடைத்துவிடலாம். நிறம் மாறும் என்பதை மட்டும் சொன்னவர், எதுவாக மாறும் என்பதைச் சொல்லவில்லை.

மாறியது மஞ்சள்வால் கோரிஸ் என்ற வேறொரு ராஸாக. குட்டியில் ஆரஞ்சுச் சிவப்பும் வெள்ளைத் திட்டுமாகக் கோமாளி மீனுக்குத் தம்பி போல இருக்கும் இந்த மீன், வளர்ந்தபின் உடல் கறுத்து, நீலப்புள்ளிகள் பூத்து, வால் மஞ்சளாகி, 40 சென்டிமீட்டர் வரை போகக்கூடியது. அதாவது என் தொட்டியின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நத்தை, நண்டு, இறால் ஆகியவைதான் அதன் இயற்கை உணவு. அவற்றைத் தேடிக் கற்களைப் புரட்டிப் போடுவது அதன் பழக்கம்.

இதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எனக்கு முதல் இரவிலேயே கிடைத்தது. விளக்கு அணைவதற்குச் சற்று முன், புதிய சிவப்பு மீன் தலைகீழாகப் பாய்ந்து மணலுக்குள் புதைந்து மறைந்தது. பயந்துபோய்க் கடைக்காரரை அழைத்தேன். புது இடம், பயத்தில் ஒளிந்திருக்கும் என்றார். உண்மையில், கோரிஸ், லெப்பர்டு, ஹாலிகோரஸ் போன்ற பிரிவுகள்தான் இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும். ஃபேரி ராஸ் மணலில் புதைவதில்லை. பாறை இடுக்கில் ஒதுங்கி, தன்னைச் சுற்றி வழவழப்பான கூடு ஒன்றைச் சுரந்து அதற்குள் உறங்கும். இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் மறுநாள் காலையிலேயே மீனைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

லெப்பர்டு ராஸின் கதை இன்னும் சுருக்கமானது. மணலில் புதையும் மீனை மணலில்லாத தொட்டியிலும் பையிலும் வைத்தால், அது அடிப்பரப்பில் முட்டி முட்டி வாயைப் புண்ணாக்கிக்கொள்ளும். என்னுடையதன் மேலுதடு ஏற்கெனவே வெளுத்து வீங்கியிருந்ததை வீட்டுக்கு வந்து விளக்கொளியில்தான் கவனித்தேன். உறைந்த இறால் குஞ்சு கொடுத்தேன், ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டைகளைப் பொரித்து உயிரோடு கொடுத்தேன். அருகில் வரும், பார்க்கும், திரும்பிவிடும். இந்த இனம் பாறையில் ஊரும் சிற்றுயிர்களை நாள் முழுதும் கொத்திக்கொண்டே இருக்க வேண்டியது, பட்டினி தாங்காது. ஒன்பதாம் நாள் மணலின் மேல் பக்கவாட்டில் கிடந்தது. அதற்குப் பிறகு அந்தக் காணொளியை மீண்டும் பார்த்தபோது, பின்னணியில் ஐந்து சென்டிமீட்டர் தடிப்பில் மணல் பரப்பியிருந்தது தெரிந்தது. அந்தக் கடையின் விற்பனைத் தொட்டி எதிலும் மணல் கிடையாது. எந்த ஊரின், எந்த ஆண்டின் காணொளியோ.

கோரிஸ் மட்டும் நன்றாக வளர்ந்தது. கார்த்திகையில் நத்தை ஓடுகள் காலியாகக் கிடக்கத் தொடங்கின; வயதான நத்தைகள் என்று நினைத்துக்கொண்டேன். மார்கழியில் சங்கு நண்டுகள் ஒன்றுகூட இல்லை. பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் காலை, ஓட்டைக் கழற்றியிருந்த கிளீனர் இறாலை, தோல் இறுகும் முன் அந்த மீன் கவ்விப் பாறையில் அடித்து உடைத்துத் தின்றதை நானும் என் மகளும் கண்ணெதிரே பார்த்தோம். அப்போது அது நான்கு அங்குலம். வால் ஓரத்தில் மஞ்சள் தலைகாட்டியிருந்தது. "அப்பா, இது வேற மீன்" என்று முதலில் சொன்னது அவள்தான். அன்று இரவு படங்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பெயரை உறுதி செய்துகொண்டேன்.

மறுநாள் கடையில் நடந்தது நீண்ட வாக்குவாதம் அன்று. உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்றார். மேலிருந்து வரும் பெயரில்தான் விற்கிறோம் என்றார். மீனைத் திருப்பித் தந்தால் 1,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகப் பெருந்தன்மையும் காட்டினார். நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசினேன். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமின்றியே முறையிடலாம், இரண்டு ஆண்டுகள் வரை காலம் உண்டு என்பதையும் அறிந்துகொண்டேன். ஆனால் என்னிடமிருந்த ரசீதில் ‘மீன் 2 – 10,300’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. என்ன மீன் என்று எழுதாத ரசீதை வைத்துக்கொண்டு, வேறு மீனைக் கொடுத்தார்கள் என்று எப்படி நிறுவுவது? அந்தப் படத்தையும் பேச்சையும் சேமித்து வைத்திருந்த கைப்பேசியை இடையில் மாற்றிவிட்டேன். கடையின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, மதுரையிலோ திண்டுக்கல்லிலோ விருதுநகரிலோ இருந்துகொண்டு ராஸ் வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் மீனின் அறிவியல் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவருக்குத் தம் மீன் என்னவென்று தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும். ஃபேரி ராஸ் என்று சொன்னால் கண்ணை உற்றுப் பாருங்கள்: அந்தப் பிரிவில் கண்ணின் முன்பக்கமுள்ள ஒளிபுகும் படலம் (கார்னியா) இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஒரே கண்ணில் இரண்டு பாவை இருப்பது போலத் தோன்றும்; கோரிஸுக்கு அப்படி இல்லை. இரண்டு அங்குல மீனை ஆண் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். காணொளி அனுப்பினால், அன்றைய தேதியைத் தாளில் எழுதித் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டி எடுக்கச் சொல்லுங்கள். நேரில் போக முடிந்தால் உங்கள் கண் முன்னே உணவு போடச் சொல்லி, வாயில் புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அதே மீனை மீண்டும் பார்த்த பிறகு வாங்குங்கள். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிடுவார் என்று அவசரப்படுத்துவார்கள்; வாங்கட்டும். கோமாளி மீன்கள் பொரிப்பகங்களில் பிறந்தவையாகவே கிடைக்கின்றன. ராஸ் மீன்களோ ஏறக்குறைய எல்லாமே கடலில் பிடிக்கப்பட்டவை. ஆகவே ஒன்று செத்தால் கடலில் ஒன்று குறைகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். எந்த ராஸாக இருந்தாலும் தொட்டிக்கு வலை மூடி கட்டாயம். துள்ளி வெளியே விழுந்து காய்ந்துபோவது இந்தக் குடும்பத்துக்குப் பழக்கமான சாவு.

மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தால் அது இன்னொருவர் தொட்டிக்குப் போகும் என்பதால் கொடுக்கவில்லை. ராமேஸ்வரத்தில் கடலில் விட்டுவிடு என்று ஒரு நண்பர் சொன்னார். வேற்றுக் கடலிலிருந்து வந்த, தொட்டியில் நோய்க்கிருமி எதையேனும் சுமந்திருக்கக்கூடிய மீனை மன்னார் வளைகுடாவில் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. தூத்துக்குடியில் பவளம் எதுவுமின்றிப் பெரிய மீன்கள் மட்டும் வளர்க்கும் ஒருவர் தம் 8 அடித் தொட்டியில் இடம் தருவதாகச் சொன்னார். அதைப் பிடிப்பதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வலையைக் கண்டதும் மணலுக்குள் போய்விடும். ஒவ்வொரு பாறையாக வெளியே எடுத்து, நீரைப் பாதியாகக் குறைத்து, கடைசியில் மணலோடு சேர்த்து அள்ளினோம். மூடியிட்ட வாளியில், மின்கல ஏர் பம்புடன், மாசி மாத வெயிலுக்கு அஞ்சி விடியும் முன்பே காரில் கிளம்பி, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவர் சென்ற வாரம் அனுப்பிய படத்தில் வால் முழுதும் மஞ்சளாகிவிட்டது.

என் தொட்டியில் பாறைகளை அடுக்கிவிட்டேன். நத்தைகள் மட்டும் புதிதாக எட்டு வாங்கி விட்டிருக்கிறேன்.