ஈமேக்ஸ் அஜெண்டா: பதினொன்று எழுதி, இரண்டு மிஞ்சிய கதை

ஆர்க் மோடுக்கு மாறிய முதல் மாதத்தில் பதினொரு அஜெண்டா பட்டியல்கள் எழுதிவைத்தேன். வாடிக்கையாளர் வாரியாக, அரை மணியில் முடிகிற வேலைகளுக்கு, வெளியே கிளம்பும்போது பார்க்க என்று விதவிதமாக. ஐந்து வருடம் ஆகிவிட்டது. இப்போது திறப்பது இரண்டைத்தான்.

தெரியாதவர்களுக்காக: ஆர்க் மோட் என்பது ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்திக்குள் குறிப்புகளையும் வேலைகளையும் வைத்துக்கொள்ளும் வசதி, கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-இல் எழுதத் தொடங்கியது. எல்லாம் வெறும் உரைக் கோப்புகள்தான். அவற்றில் சிதறிக் கிடக்கும் வேலைகளைத் திரட்டி ஒரே திரையில் காட்டுவது அஜெண்டா. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை 'ஆர்க்-அஜெண்டா-கஸ்டம்-கமாண்ட்ஸ்' என்ற மாறியில் (அமைப்பைச் சேமிக்கும் பெயர்) லிஸ்ப் என்ற நிரல்மொழி வரிகளாக எழுதலாம்.

என் காலைப் பட்டியலில் மூன்று பகுதிகள்: இன்றைக்குத் தேதி போட்டவை, தேதியே போடாதவை, அடுத்தவர் பதிலுக்காக நிற்பவை. எழுத ஆரம்பித்தபோது, காட்டுவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். மறைப்பதில்தான் அடி வாங்கினேன்.

மறைக்கும் வேலையைச் செய்வது 'ஸ்கிப் ஃபங்ஷன்'. அது 'nil' (லிஸ்ப்பில் 'இல்லை' என்று பொருள்) என்று திருப்பினால் அந்த வேலை பட்டியலில் இருக்கும். ஓர் இடத்தின் எண்ணைத் திருப்பினால் தேடல் அந்த இடத்துக்குத் தாவிவிடும். நடுவில் இருப்பவை கண்ணில் படாது. நான் 'ஸ்கிப்-என்ட்ரி-இஃப்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஸ்கிப்-சப்ட்ரீ-இஃப்' என்று எழுதியிருந்தேன். முன்னது அந்த ஒரு வேலையின் தலைப்பை மட்டும் தாண்டும், பின்னது அதன் கீழே உள்ள அத்தனையையும் சேர்த்துத் தாண்டும். 'வெயிட்டிங்' என்று குறித்த ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்கு அடியில் 'பில் அனுப்பு' என்று ஒரு வரி இருந்தது. ஏழு வாரம் அது என் கண்ணிலேயே படவில்லை. பிழைச்செய்தி ஏதும் வராது. பட்டியல் சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்! இப்போது புதிதாக எதையாவது மறைத்தால், எல்லாவற்றையும் காட்டும் சாதாரணப் பட்டியலைப் பக்கத்தில் திறந்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நம்புகிறேன்.

இன்னொரு தொல்லை, கெடு தேதி எச்சரிக்கை. ஆர்க் மோடில் இயல்பாகவே 14 நாள் முன்னதாக ஆரம்பித்துவிடும். 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு 6-ஆம் தேதியிலிருந்தே தினமும் ஒரு வரி. மூன்றாம் நாளே கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடுகிறது, அப்புறம் எச்சரிக்கை எதற்கு? தேதிக்குள்ளேயே கழித்தல் குறியோடு '3d' (மூன்று நாள்) என்று சேர்த்தேன். இப்போது 17-ஆம் தேதிதான் தலைகாட்டுகிறது.

இரண்டாவது பட்டியல் வெள்ளிக்கிழமைக்கு: வராத பணம். டேக் (வேலையில் ஒட்டும் அடையாளச் சொல்) ஒன்றை வைத்துத் தேடும் ஒற்றை வரி, ஐந்து வருடமாகத் தொடவே இல்லை.

தமிழில் தலைப்பு எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம். நம் எழுத்துகள் சம அகலத்தில் வராததால் வலப்பக்க டேக்குகள் கோணல்மாணலாக நிற்கும். நாலைந்து எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன், சரிப்படவில்லை. கடைசியில் 'ஆர்க்-அஜெண்டா-ரிமூவ்-டேக்ஸ்' மாறியை 't' (லிஸ்ப்பில் 'ஆம்') என்று வைத்து, அஜெண்டாவில் டேக்குகளே தெரியாமல் செய்துவிட்டேன். தேடல் எப்போதும்போல வேலை செய்கிறது.

மீதி ஒன்பது? ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் இனிட் கோப்பில்தான் இன்னும் கிடக்கின்றன, அரைப்புள்ளி போட்டு முடக்கியபடி.