கழுத்து லைனில் எதை நிரப்புவது?

டயாலிசிஸுக்காகக் கழுத்துச் சிரை வழியாகச் செருகிவைக்கும் இரட்டைப் பிளாஸ்டிக் குழாய்தான் கழுத்து லைன். டயாலிசிஸ் முடிந்ததும் அதன் இரண்டு குழாய்களிலும் சுமார் 2 மில்லி மருந்தை ஏற்றி, மூடியைத் திருகி நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறோம். இதற்கு 'லாக்' என்று பெயர். அடுத்த முறை வரும்வரை இரண்டு மூன்று நாள் குழாய்க்குள் காவல் இருப்பது அந்த மருந்துதான். ரத்தம் உறையக் கூடாது, கிருமியும் ஒட்டி வளரக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் மருந்து எது என்பதில்தான் இத்தனை வருடச் சண்டை.

நம்மூரில் பெரும்பாலும் ஹெப்பாரின்தான். விலை குறைவு, எல்லா யூனிட்டிலும் இருக்கும், கைக்குப் பழகியது. ஆனால் அது உறைவை மட்டும் பார்த்துக்கொள்ளும், கிருமியைக் கொல்லாது. சொல்லப்போனால், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி குழாயின் உட்சுவரில் பாசிபோலப் படர ஹெப்பாரினே துணைபோகிறது என்று ஆய்வக சோதனைகள் காட்டியிருக்கின்றன. காவலாளியே கதவைத் திறந்துவிடுகிற கதை.

4% சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவைத்து உறைவைத் தடுக்கிறது. கொஞ்சம் உள்ளே கசிந்தாலும் ஹெப்பாரினைப்போல ரத்தப்போக்குப் பயம் இல்லை. கிருமியை அடக்குவதில் சுமார்தான். செறிவைக் கூட்டினால் அந்த வேலையையும் செய்யும், ஆனால் ஆபத்தும் கூடவே வரும். 2000-இல் அமெரிக்காவில் 46.7% சிட்ரேட்டை ஏற்றியதும் ஒரு நோயாளிக்கு இதயம் நின்று உயிர் போனது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. லைனை அடைக்கும் கிளாம்பில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் தள்ளாதே என்று புதிதாகச் சேரும் டெக்னீஷியனிடம் சொல்வது இதனால்தான்.

ஜென்டமைசின் கலந்த லாக் தொற்றை நன்றாகவே குறைக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. வாரம் மூன்று முறை, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிகிற ஆன்டிபயாட்டிக் அது. காது கேட்பதைப் பாதிக்கலாம், மருந்துக்கு மசியாத கிருமியையும் வளர்த்துவிடலாம். அப்படி ஒரு கிருமி யூனிட்டுக்குள் வந்துவிட்டால் பக்கத்துக் கட்டிலுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

டாரோலிடின் வேறு ரகம். ஆன்டிபயாட்டிக் அல்ல, டாரின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்தது. கிருமியின் மேலுறையையே தாக்குகிறது. ஐரோப்பாவில் பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது. இதை ஹெப்பாரினோடு சேர்த்து விற்கும் டிஃபென்கேத் என்ற மருந்துக்கு எஃப்டிஏ 2023 நவம்பரில் ஒப்புதல் தந்தது. அதற்கு அடிப்படையான சோதனையில் சுமார் 800 பேர். ஹெப்பாரின் மட்டும் பெற்றவர்களில் 8% பேருக்கு லைன் தொற்று, டாரோலிடின் சேர்ந்தவர்களில் 2%. ஆபத்து 71% குறைந்தது. இங்கே இடிப்பது விலை. ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் புது மருந்து என்றால் மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று முறை ஆகிறது.

ஆல்டிபிளேஸும் பட்டியலில் உண்டு. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் ரத்தக்கட்டியைக் கரைக்கக் கொடுப்பார்களே, அதேதான். 2011-இல் வெளியான கனடா ஆய்வில் 225 பேரில் ஒரு சாராருக்கு வாரம் ஒருநாள் இதையும் மற்ற இரண்டு நாள் ஹெப்பாரினையும் லாக் செய்தார்கள். ரத்தத் தொற்று 13%-லிருந்து 4.5% ஆனது, லைன் அடைப்பதும் குறைந்தது. விலையைக் கேட்டால் நம் யூனிட்டில் யாரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள்.

என்னைக் கேட்டால், ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் பாதை) முதிரும்வரை இரண்டு மூன்று மாதம் மட்டும் லைன் வேண்டியவருக்கு ஹெப்பாரினோ 4% சிட்ரேட்டோ போதும். ஃபிஸ்டுலாவுக்குக் கையில் நரம்பே அமையாதவர், ஏற்கெனவே ஒருமுறை லைன் தொற்றால் குளிர் நடுக்கத்தோடு அட்மிட் ஆனவர் என்றால் டாரோலிடினுக்குச் செலவழிக்கலாம்.

எந்த லாக் ஆனாலும் மூடியைக் கழற்றும் அந்த ஒரு நிமிடம்தான் கிருமிக்கு வாசல். நர்ஸுக்கும் நோயாளிக்கும் மாஸ்க், குழாய் முனை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்வாப், குளோர்ஹெக்ஸிடின்-ஆல்கஹாலால் 10, 15 விநாடி அழுத்தித் தேய்த்துக் காயவிடுவது. இதையெல்லாம் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு ஊசி போட ஓடும் ஒருவர் செய்வாரா என்பது நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியாவில் 37 சிறுநீரகப் பிரிவுகளில் இந்த மாதிரி நடைமுறைகளை மொத்தமாகப் புகுத்திப் பார்த்தும் தொற்று குறையவில்லை. அங்கே ஆரம்பத்திலேயே தொற்று மிகக் குறைவு. நம் நிலை அதுவல்ல.

கடைசியில் இந்த எல்லா மருந்தையும் தோற்கடிக்கிற போட்டியாளர் ஒன்று 1966-லிருந்தே இருக்கிறது. நியூயார்க்கில் பிரெஷியாவும் சிமினோவும் மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்துக் காட்டிய ஃபிஸ்டுலா. ஊசியை எடுத்துவிட்டால் உள்ளே பிளாஸ்டிக்கே கிடையாது, கிருமி எங்கே ஒட்டும்? லைன் போடும் அன்றே ஃபிஸ்டுலாவுக்குத் தேதி கேளுங்கள். அதுவரை ஃபிஸ்டுலா வைக்கப்போகும் கையில் ரத்தம் எடுக்கவோ டிரிப்ஸ் போடவோ யாரையும் விடாதீர்கள்.